உதவியாளர் படுத்துக்கொண்டால் சிஸ்டமே கெட்டுவிட்டதா?

ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துபவர்களிடம் ஒரு புலம்பலை அடிக்கடி கேட்கலாம். "அப்டேட் செய்தேன், சிஸ்டம் போய்விட்டது" என்பார்கள். என்ன போயிற்று என்று விசாரித்தால், டெஸ்க்டாப் வருகிறது, பிரவுசர் இயங்குகிறது, பாட்டு பாடுகிறது, பிரிண்டர்கூட அச்சடிக்கிறது. போனது ஒன்றே ஒன்றுதான். யே என்ற சிறிய புரோகிராம் இயங்க மறுக்கிறது. டெர்மினலில் அதன் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால், லிப்ஏஎல்பிஎம் என்ற பைலின் 14ஆம் எண் பதிப்பைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு பைல் இல்லை என்று ஒற்றை வரி வந்து நிற்கிறது.

இதற்காக அப்டேட்டைத் திட்டுவதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து. யே எழுதியவரைத் திட்டுவதிலும் நியாயம் இல்லை. ஏன் என்று பார்ப்போம். சரி செய்யும் வழியும் அதிலேயே கிடைத்துவிடும்.

ஆர்ச் லினக்ஸில் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்யவும் நீக்கவும் அப்டேட் செய்யவும் பேக்மேன் என்ற சாதனம் தரப்பட்டுள்ளது. ஆர்ச் குழுவினர் தாங்களே தயாரித்து, கையொப்பமிட்டு வைத்திருக்கும் தொகுப்புகளை மட்டும் இது கொண்டு வந்து தரும். அந்தக் கிடங்கில் இல்லாத புரோகிராம்களுக்கு ஏ.யு.ஆர். என்று இன்னொரு இடம் 2005ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பயனாளர்களே எழுதிப் போடும் இடம் இது. இங்கே பெரும்பாலும் புரோகிராம் இருக்காது; அதைத் தயாரிப்பதற்கான குறிப்புதான் இருக்கும். பிகேஜிபில்ட் என்ற பெயரில் உள்ள அந்தக் குறிப்பை எடுத்து வந்து, மேக்பிகேஜி என்ற கட்டளையைக் கொடுத்தால், நம் கம்ப்யூட்டரிலேயே தொகுப்பு தயாராகும். கடையில் முறுக்கு வாங்குவது பேக்மேன் வழி என்றால், பக்கத்து வீட்டு அம்மாவிடம் பக்குவம் கேட்டு வந்து நாமே சுடுவது ஏ.யு.ஆர். வழி.

இந்த வேலை அலுப்பாக இருப்பதால்தான் உதவியாளர்கள் வந்தார்கள். முன்பு யாவூர்ட் என்று ஒன்று இருந்தது. பிரெஞ்சு மொழியில் தயிர் என்று பொருள். அதன் வளர்ச்சி நின்றுபோன பிறகு பலரும் யே பக்கம் வந்தனர். "இன்னொரு தயிர்" என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளே அதன் பெயர். இது கோ மொழியில் எழுதப்பட்டது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட பரு என்பதும் பலரிடம் இருக்கிறது. எல்லாம் செய்வது ஒரே வேலை: குறிப்பைத் தேடி, எடுத்து, தயாரித்து, பேக்மேனிடம் ஒப்படைப்பது. ஆர்ச் குழுவினர் இவற்றில் எதையும் ஆதரிப்பதில்லை என்று தங்கள் விக்கியில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த 14ஆம் எண்ணுக்கு வருவோம். பேக்மேனின் இன்ஜின் ஒரு தனி நூலகப் பைல். லிப்ஏஎல்பிஎம் என்பது அதுதான். விண்டோஸில் டி.எல்.எல். பைல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. யே, பரு ஆகியவையும் இதே பைலைத் தொட்டுத்தான், எந்தத் தொகுப்பு இருக்கிறது, எது பழசு என்று தெரிந்துகொள்கின்றன. நூலகத்தின் உள்ளமைப்பு மாறும்போது அதன் எண்ணையும் மாற்றிவிடுவார்கள். 2024 மார்ச்சில் வெளியான பேக்மேன் 6.1 உடன் வந்தது 14. அதே ஆண்டு செப்டம்பரில் ஆர்ச் கிடங்குக்கு வந்த பேக்மேன் 7.0 உடன் வந்தது 15. அப்டேட் ஆனதும் 14 நீங்கி 15 உட்கார்ந்துகொண்டது. உங்கள் யே, 14ஐ வைத்துத் தயாரிக்கப்பட்டது. அது 14ஐத் தேடுகிறது, காணவில்லை, நின்றுவிடுகிறது.

அப்படியானால் மற்ற புரோகிராம்கள் ஏன் நிற்கவில்லை? ஒரு நூலகத்தின் எண் மாறும்போது, அதை நம்பியிருக்கும் கிடங்குத் தொகுப்புகள் அனைத்தையும் ஆர்ச் குழுவினர் மீண்டும் தயாரித்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெளியிடுகின்றனர். அந்த உழைப்பு நம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் யே உங்கள் வீட்டில், உங்கள் கம்ப்யூட்டரில் தயாரானது. அதை மீண்டும் தயாரிக்க வேண்டியவர் யார்? நீங்கள்தான். வேறு யாருக்கும் அந்தப் பொறுப்பு இல்லை. உதவியாளரை முதல் நாள் இன்ஸ்டால் செய்தபோதே இந்தப் பொறுப்பையும் சேர்த்தே வாங்கிக்கொண்டோம். அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை என்பது வேண்டுமானால் ஒரு குறை.

சரி, இயங்காத யேயைக் கண்டதும் பலரும் முதலில் செய்வது என்ன? தேடுதளத்தில் தேடுகிறார்கள். "15 என்ற பைலுக்கு 14 என்ற பெயரில் ஒரு இணைப்பு போடுங்கள், போதும்" என்று யாராவது எழுதியிருப்பார். ஒரே வரிக் கட்டளை. சில நேரங்களில் யே இயங்கவும் இயங்கும். பிரச்னை தீர்ந்தது என்று மகிழ்ச்சி அடைவார்கள்.

இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழி. அந்தக் காலத்தில் விண்டோஸில் டி.எல்.எல். இல்லை என்று செய்தி வந்தால், எங்கிருந்தோ ஒரு டி.எல்.எல். பைலை டவுன்லோட் செய்து சிஸ்டம் போல்டரில் காப்பி செய்து வைப்பார்களே, அதே பழக்கம்தான் லினக்ஸிலும் வேறு வேஷத்தில் வருகிறது. எண்ணை மாற்றியதே, "உள்ளே அமைப்பு மாறிவிட்டது, பழைய கணக்கில் என்னைத் தொடாதே" என்று சொல்வதற்குத்தான். அந்த எச்சரிக்கைப் பலகையின் மேல் பழைய பலகையை ஒட்டிவிட்டு உள்ளே நுழைவது புத்திசாலித்தனம் இல்லை. புரோகிராம் ஒன்றைக் கேட்டு வேறொன்றைப் படிக்கலாம், பாதியில் நின்றுபோகலாம். நல்லவேளையாக, இன்ஸ்டால் செய்யும் கடைசி வேலையை யே தானே செய்வதில்லை, பேக்மேனிடம்தான் கொடுக்கிறது. அதனால் சேதம் பெரும்பாலும் குறைவு. ஆனாலும் நீங்கள் கையால் போட்ட அந்த இணைப்பு எந்தத் தொகுப்பின் கணக்கிலும் வராது. பல மாதங்கள் கழித்து வேறு ஏதாவது புரோகிராம் விசித்திரமாக நடந்துகொள்ளும்போது, இதை நினைத்துப் பார்க்க உங்களுக்குத் தோன்றாது.

இன்னொரு தவறான வழி, பேக்மேனை மட்டும் பழைய பதிப்புக்கு இறக்கி, அங்கேயே பூட்டி வைப்பது. மற்ற எல்லாம் முன்னே போக, பேக்மேன் மட்டும் பின்னே நிற்கும். இப்படிப் பாதி அப்டேட் செய்த சிஸ்டத்தை ஆர்ச் ஆதரிப்பதில்லை. உதவியாளருக்காக முதலாளியை வீட்டுக்கு அனுப்பும் கதை இது.

சரியான வழி மிக எளிது. பேக்மேன் நன்றாக இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். முதலில் பேக்மேன் மூலமாகவே சிஸ்டத்தை முழுமையாக அப்டேட் செய்திடவும். சூடோ, அடுத்து பேக்மேன், அடுத்து ஒரு ஹைபன், அதை ஒட்டிப் பெரிய எஸ், சிறிய ஒய், சிறிய யு. எல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான். அடுத்து, கிட் என்ற தொகுப்பும், பேஸ்-டெவல் என்ற தொகுப்பும் உங்களிடம் உள்ளனவா எனப் பார்க்கவும். இல்லையென்றால் இவற்றையும் பேக்மேன் மூலம் இன்ஸ்டால் செய்திடவும். பிறகு பிரவுசரில் ஏ.யு.ஆர். தளத்தில் யேயின் பக்கத்தைத் திறந்தால், கிட் குளோன் முகவரி என்று ஒரு வரி மேலேயே இருக்கும். அதைக் காப்பி செய்து, டெர்மினலில் கிட் குளோன் என்று டைப் செய்து ஒட்டினால், யே என்ற போல்டர் கிடைக்கும். அதனுள் சென்று, மேக்பிகேஜி என டைப் செய்து, இடைவெளி விட்டு, ஹைபன், சிறிய எஸ், சிறிய ஐ கொடுத்து என்டர் தட்டவும். எஸ், தேவையான துணைத் தொகுப்புகளைக் கொண்டு வரும். கோ மொழிக் கம்பைலரும் இதில் அடக்கம். ஐ, தயாரானதை இன்ஸ்டால் செய்துவிடும். இந்தக் கட்டளைக்கு முன்னால் சூடோ போடக் கூடாது. போட்டாலும் மேக்பிகேஜி மறுத்துவிடும்.

பழைய போல்டரையே பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. "தொகுப்பு ஏற்கனவே தயாராகிவிட்டது" என்று சொல்லி மேக்பிகேஜி நின்றால், அது சொல்வது 14ஐ வைத்துத் தயாரித்த பழைய தொகுப்பை. சிறிய எஃப் என்ற எழுத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மீண்டும் தயாரிக்கும். சுருக்கமாகச் சொன்னால், இங்கே நமக்கு வேண்டியது புதிய பதிப்பு என்பதைவிடப் புதிதாகத் தயாரிப்பதுதான்.

கம்பைல் செய்ய நேரமில்லை என்று யே-பின் என்ற தொகுப்பை வைத்திருப்பவர்கள் உண்டு. அது வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்து வைத்த புரோகிராமை அப்படியே தருவது. அதைத் தயாரித்தவர் புதிய நூலகத்தை வைத்து வெளியிடும்வரை, எத்தனை முறை நீக்கி மீண்டும் இன்ஸ்டால் செய்தாலும் அதே பிழைச் செய்திதான் வரும். அந்த இடைவெளியில் மூலத்திலிருந்து தயாரிப்பதே நல்லது. சில நேரங்களில் நூலகத்தில் மாற்றம் பெரிதாக இருந்து, மூலத்திலிருந்து தயாரிப்பதுகூடப் பிழையில் முடியும். அப்போது உதவியாளரை எழுதியவர் புதிய பதிப்பு தரும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான். அதுவரை நமக்கு மேக்பிகேஜி இருக்கிறது. ஒரு நஷ்டமும் இல்லை.

இதே பிரச்னைக்கு இன்னொரு முகமும் உண்டு. சில உதவியாளர்கள் அப்டேட்டுக்குப் பிறகு படுத்துக்கொள்வதில்லை. அப்டேட்டையே நடக்கவிடாமல் வாசலில் மறித்துக்கொள்வார்கள். யாவூர்ட் நம்பியிருந்த பேக்கேஜ்-குவெரி என்ற தொகுப்பு, "எனக்கு 5.1க்குக் குறைவான பேக்மேன்தான் வேண்டும்" என்று தன் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தது. 2018இல் பேக்மேன் 5.1 வந்தபோது, முழு சிஸ்டம் அப்டேட்டும் இந்த ஒரு சிறு தொகுப்பால் நின்றது. கடுப்பானவர்கள், சார்புகளைப் பார்க்காமல் இன்ஸ்டால் செய் என்று பேக்மேனை வற்புறுத்தினார்கள். அது தேவையே இல்லை. உதவியாளரைச் சாதாரணமாக நீக்கிவிட்டு, அப்டேட் செய்து, பிறகு உதவியாளரைப் புதிதாகத் தயாரித்துக்கொண்டால் முடிந்தது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், மறிப்பவரே மேல் என்பேன். எரிச்சல் தந்தாலும் உண்மையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

ஆர்ச் மட்டும்தான் இப்படி என்று மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். மேக் கம்ப்யூட்டரில் ஹோம்புரூ வைத்திருப்பவர்கள், பெரிய சிஸ்டம் அப்கிரேடுக்குப் பிறகு, டெவலப்பர் பாதை சரியில்லை என்ற செய்தியைப் பார்த்திருப்பார்கள். கமாண்ட் லைன் டூல்ஸ் தொகுப்பை மீண்டும் இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும். உபுண்டுவில், சிஸ்டத்தின் பைத்தான் 3 என்ற பெயரை வேறொரு புதிய பதிப்புக்குத் திருப்பிவிட்டால், புதிய கிடங்குகளைச் சேர்க்கும் கட்டளை, ஏ.பி.டி. தொடர்பான ஒரு மாட்யூலைக் காணவில்லை என்று படுத்துக்கொள்ளும். அந்த மாட்யூல் பழைய பைத்தான் பதிப்புக்காகக் கம்பைல் ஆனது. பெயரைப் பழையபடி திருப்பினால் எழுந்துகொள்ளும். எங்கும் கதை ஒன்றுதான். அடித்தளம் நகர்ந்தது, அதன் மேல் சாய்ந்து நின்றவர் விழுந்தார்.

இவ்வளவு எளிதான விஷயத்துக்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்கலாம். யே இயங்குவது அல்ல இங்கே பெரிய விஷயம். யே இயங்காத அன்றுதான், அது இத்தனை நாளும் நம் பெயரில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாம் முதன்முறையாகப் பார்க்கிறோம். பிகேஜிபில்ட் என்பது வெறும் பட்டியல் அல்ல. அது உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கும் ஒரு ஸ்கிரிப்ட். முன்பின் தெரியாத ஒருவர் எழுதியது. அதைக் காட்டட்டுமா என்று உதவியாளர் கேட்கும்போது, என்டர் என்டர் என்று தட்டிவிட்டுப் போகிறோம். கடைசியில் பாஸ்வேர்டும் கொடுக்கிறோம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 ஜூலையில், பராமரிப்பவர் இல்லாமல் கிடந்த அக்ரோரீட் என்ற பி.டி.எஃப். வாசிப்பான் தொகுப்பை ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அதன் குறிப்பில் இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி இயக்கும் வரியைச் சேர்த்தார். 2025 ஜூலை 16 அன்று, பயர்பாக்ஸ், லிபர்வுல்ப், ஜென் ஆகிய பிரவுசர்களுக்குத் திருத்தம் என்ற தோரணையில் மூன்று தொகுப்புகள் ஏ.யு.ஆருக்கு வந்தன. அவற்றுள் இருந்தது, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரைக் கைப்பற்றும் ட்ரோஜன். 18ஆம் தேதி அவை நீக்கப்பட்டன. இடைப்பட்ட இரண்டு நாட்களில் இன்ஸ்டால் செய்தவர்களை எந்த உதவியாளரும் காப்பாற்றியிருக்க முடியாது. குறிப்பைத் திறந்து, மூலம் எங்கிருந்து வருகிறது என்ற வரியைப் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருந்தது.

யாவூர்டின் மேல் பலருக்கும் இருந்த குறையும் இதுதான். குறிப்பை நமக்குக் காட்டுவதற்கு முன்பே, அதை உள்ளுக்குள் இயக்கிப் பார்த்துவிடும். கதவைத் திறந்துவிட்டு, வந்திருப்பவர் யார் என்று கேட்பதுபோல. பிறகு வந்த யே, பரு போன்றவை அப்படிச் செய்வதில்லை. ஆனால் படிக்காமல் என்டர் தட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எனவே ஆர்ச்சுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது, உதவியாளரை இன்ஸ்டால் செய்யும் முன் குறைந்தது நான்கைந்து தொகுப்புகளையாவது மேக்பிகேஜி மூலம் கையால் தயாரித்துப் பாருங்கள் என்பதுதான். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்த பிறகு, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட எண்டெவர்ஓஎஸ், யேயைக் கையிலேயே கொடுத்து அனுப்புகிறது. அதன் குழுவினர் தங்கள் கிடங்கில் யேயை மறுபடி தயாரித்தும் வைப்பார்கள். ஆனால் புதிய பேக்மேன் ஆர்ச் கிடங்கிலிருந்து நேராக வருகிறது. இரண்டும் வந்து சேரும் நேரத்தில் சற்று முன்பின் ஆனால், அன்று அப்டேட் செய்தவருக்கு அதே பிழைச் செய்திதான். மஞ்சாரோவில் ஏ.யு.ஆர். வசதியை நாமாகத்தான் இயக்க வேண்டும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே கிடங்குத் தொகுப்புகள் தாமதித்தே வெளியாகும். ஏ.யு.ஆர். குறிப்புகளோ அன்றைய ஆர்ச்சை மனதில் வைத்து எழுதப்படுபவை. சில நாட்களில் இரண்டும் ஒத்துப்போகாது.

ஆர்ச் குழுவினர் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அப்டேட்டில் கையால் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால், அதைத் தங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் செய்தியாகப் போடுகிறார்கள். 2024 செப்டம்பரில் பேக்மேன் 7.0 வந்தபோதும், சொந்தமாக லோக்கல் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கான அறிவிப்பு வந்தது. ஆனால் அப்டேட் கட்டளை கொடுக்கும் அந்த டெர்மினலில் அது தானாக வருவதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர் எத்தனை பேர், தினமும் அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள்? இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. தங்கள் சிஸ்டத்தைத் தாங்களே கவனிப்பவர்களுக்கானது ஆர்ச் என்று அவர்கள் சொல்கிறார்கள். அது அவர்கள் உரிமை. நாம் பேக்மேனை இயக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நம் கையில்.

யே மீண்டும் எழுந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேக்மேன், இடைவெளி, ஹைபன், பெரிய க்யூ, சிறிய எம் என்று கொடுத்தால், கிடங்கில் இல்லாமல் வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்த தொகுப்புகள் அனைத்தும் பட்டியலாகும். யே படுத்ததுபோல இவற்றில் வேறு எவை படுத்திருக்கின்றன என்று பார்க்க, ரீபில்ட்-டிடெக்டர் என்ற தொகுப்பு ஆர்ச் கிடங்கிலேயே கிடைக்கிறது. அதில் உள்ள செக்ரீபில்ட் கட்டளையை இயக்கினால், மீண்டும் தயாரிக்க வேண்டியவற்றின் பெயர்களைச் சொல்லும். பைத்தானின் பதிப்பு மாறும் காலங்களில் இது மிகவும் உதவும். 2024இல் ஆர்ச் பைத்தான் 3.11இலிருந்து 3.12க்குச் சென்றபோது, ஏ.யு.ஆரிலிருந்து வந்த பைத்தான் தொகுப்புகள் எல்லாம் பழைய 3.11 போல்டரிலேயே தங்கிவிட்டன. மீண்டும் தயாரிக்கும்வரை புதிய பைத்தானின் கண்ணுக்கு அவை தெரியவில்லை. பட்டியலில் ஒவ்வொரு பெயராகப் பார்க்கும்போது, எப்போதோ ஆசைப்பட்டு இன்ஸ்டால் செய்து ஒரு முறைகூடத் திறக்காத புரோகிராம்கள் நான்கைந்தாவது கண்ணில் படும். அவற்றை மீண்டும் தயாரிக்க வேண்டாம். பேக்மேன் மூலமே நீக்கிவிடலாம்.